வயதுள்ள தண்ணீர்

19 பிப்ரவரி 2019, செவ்வாய்
தோனா பாவ்லா, கோவா

வாலஸ் ப்ரோக்கர் போய்விட்டார். நேற்று, நியூயார்க்கில், ஒரு மருத்துவமனையில். வயது 87. காலையில் ஆய்வகத்துக்குள் நுழையும்போதே என் ஆய்வு மாணவி கைபேசியை நீட்டினாள். "மேடம், நம்ம அலமாரியில இருக்கிற கடல் வேதியியல் புத்தகத்தை எழுதினவர் இவர்தானே?" என்றாள். அவரேதான்.

'புவி வெப்பமாதல்' என்ற சொல்லைப் பரப்பியவர் மறைந்தார் என்றுதான் எல்லாப் பத்திரிகைகளும் தலைப்பிட்டிருக்கின்றன. பொய்யில்லை. ஆனால் கடல் தண்ணீரையும் கடலடிச் சேற்றையும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் கேள்வி கேட்ட ஒரு மனிதரை இரண்டு சொற்களுக்குள் அடைத்துவிட்டார்களே என்று மனம் ஆறவில்லை. அவருக்கும் அதில் விருப்பமில்லை. தன் கல்லறையில் அந்தச் சொல்லைப் பொறிக்க வேண்டாம் என்று சொன்னவர் அவர்.

28ஆம் தேதி தேசிய அறிவியல் நாள். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் தமிழில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். வங்காள விரிகுடாவும் பழங்காலப் பருவமழையும் என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். அதை மாற்றிக்கொள்ளலாமா என்று இன்றே கேட்டு எழுதிவிட்டேன். ப்ரோக்கரைப் பற்றிப் பேசுகிறேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவரை எந்த வாசல் வழியாக அறிமுகப்படுத்துவது என்று இந்த வாரம் முழுக்க யோசிக்க வேண்டும்.

சாயங்காலம் அம்மா பேசினாள். இன்று மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நின்றனவாம். கால் வைக்க இடமில்லையாம். "நீ கடல் பக்கத்துலயே இருக்கே, ஒரு முழுக்குப் போட்டியா?" என்றாள். போய் முழங்கால் நனைய நின்றுவிட்டு வந்தேன்.

20 பிப்ரவரி, புதன்

அவருடைய தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் பக்தி மிகுந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர். படிக்கப் போனதும் வீட்டன் என்ற மதச் சார்புள்ள கல்லூரிக்கு. டிஸ்லெக்சியா இருந்ததால் எழுத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினார். 1952 கோடையில் நண்பர் பால் காஸ்ட் வழியாக லமாண்ட் ஆய்வகத்தில் விடுமுறை வேலை கிடைத்தது. ஹட்சன் ஆற்றுக்கு மேலே, ஒரு வங்கிக்காரரின் குடும்பம் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பண்ணை மாளிகையில் அமைந்த ஆய்வகம் அது. அங்கே லாரன்ஸ் கல்ப் கார்பன்-14 அளக்கும் கூடத்தை நடத்திவந்தார். ப்ரோக்கர் அந்தக் கோடைக்குப் பிறகு கொலம்பியாவுக்கே மாறிக்கொண்டார். 1958இல் முனைவர் பட்டம், மறு ஆண்டு அங்கேயே ஆசிரியர் வேலை. கடைசி வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

லிப்பி என்ற வேதியியலாளர் கார்பன்-14 முறையைக் கண்டுபிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். காற்றில் காஸ்மிக் கதிர்கள் உருவாக்கும் இந்தக் கார்பன், 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எல்லாரும் இதை வைத்து மரக்கட்டைக்கும் எலும்புக்கும் வயது பார்த்தார்கள். கல்பின் கூடத்தில் தண்ணீருக்கு வயது பார்த்தார்கள். எனக்கு இது இன்றைக்கும் மெய்சிலிர்க்கும் யோசனைதான். கடல் மேற்பரப்பில் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை நீருக்குள் புதிய கார்பன்-14 வந்துகொண்டே இருக்கும். நீர் கனத்து ஆழத்துக்குப் போய்விட்டால் வரவு நின்றுவிடும், சிதைவு மட்டும் நடக்கும். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தால், அந்தத் தண்ணீர் கடைசியாக எப்போது காற்றைப் பார்த்தது என்று சொல்லலாம்.

சொல்வது எளிது. அன்றைய கருவிகளுக்கு ஒரே ஒரு மாதிரிக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதையும் நாலு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து, மேல் நீர் ஒரு சொட்டும் கலக்காமல் கொண்டுவர வேண்டும். அதற்கென்றே லமாண்டின் ராபர்ட் ஜெரார்டு ஒரு பீப்பாய் செய்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அட்லாண்டிக்கின் கார்பன்-14 கணக்கை ப்ரோக்கரும் ஜெரார்டும் மற்றவர்களும் 1960இல் வெளியிட்டார்கள். இப்போது அரை லிட்டர் போதும். என் மாணவி கண்ணாடிப் புட்டியில் அரை லிட்டரை அடைத்து முத்திரையிடும்போது, அந்தப் பீப்பாயை வின்ச்சில் ஏற்றி இறக்கியவர்களின் தோள்களை நினைத்துக்கொள்வேன்.

21 பிப்ரவரி, வியாழன்

நாள் முழுக்க மைக்ரோஸ்கோப். வங்காள விரிகுடாவின் அடியிலிருந்து குழாயில் எடுத்த சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, காயவைத்து, ஃபொராம் என்ற ஒருசெல் கடலுயிர்களின் ஓடுகளைப் பொறுக்கினோம். நனைத்த பிரஷ் நுனியில் ஒவ்வொன்றாக. ரூபர் இனம் மட்டும், வெள்ளை ஓடு மட்டும். மணல் மணி அளவே உள்ள சுண்ணாம்பு ஓடு, அது வாழ்ந்த நாளின் கடலைத் தன் சுவரில் பூட்டி வைத்திருக்கிறது. கழுத்து வலி. வேறு எழுத எதுவுமில்லை.

22 பிப்ரவரி, வெள்ளி

இன்று மதியச் சாப்பாட்டின்போது மாணவியிடம் ஒத்திகை பார்த்தேன். தண்ணீரின் வயது என்று தொடங்கினால் புரிகிறதா என்று கேட்டேன். அவள் உடனே கேட்டது: "அப்ப மேல்மட்டத் தண்ணிக்கு வயசு சைபர்தானே?" இல்லை. மேல் நீரும் அடியிலிருந்து ஏறிவரும் பழைய நீரோடு கலந்துகொண்டே இருக்கிறது. காற்றோடு சரிக்குச் சரியாவதற்குள் நேரம் போய்விடுகிறது. அதனால் பல கடல்களின் மேற்பரப்பே சுமார் 400 ஆண்டு 'வயது' காட்டும். நாங்கள் ஓடுகளுக்குக் காலம் கணிக்கும்போது இதைக் கழித்துத்தான் சொல்கிறோம். பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். எளிமைப்படுத்தி ஏமாற்றக் கூடாது.

ஆழ அட்லாண்டிக்கின் நீருக்குச் சில நூறு ஆண்டே வயது; வட பசிபிக்கின் ஆழ நீருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல். உலகக் கடல் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை இந்த வயது வித்தியாசமே காட்டிவிடுகிறது. ஆனால் உலகம் முழுக்க ஒரே முறையில், ஒரே தரத்தில் அளந்தால்தான் படம் முழுமையாகும். அதற்காகவே 1970களில் ஜியோசெக்ஸ் திட்டம். ப்ரோக்கர் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 1972–73இல் 'நார்' என்ற கப்பல் அட்லாண்டிக்கில். 1973–74இல் 'மெல்வில்' பசிபிக்கில். 1977–78இல் அதே மெல்வில் இந்தியப் பெருங்கடலில். வங்காள விரிகுடாவிலும் மாதிரி எடுத்தார்கள். நான் இன்றைக்கு இந்த விரிகுடாவின் ஆழ நீரைப் பற்றி ஒரு எண் எழுதினால், அதை ஒப்பிட முதலில் புரட்டுவது ஜியோசெக்ஸ் அட்டவணையைத்தான்.

அந்தப் பயணங்களுக்கு எதிர்பாராத ஒரு துணை இருந்தது. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் வட அரைக்கோளக் காற்றின் கார்பன்-14ஐக் கிட்டத்தட்ட இருமடங்காக்கியிருந்தன. மனித குலம் செய்த அந்தக் கொடுமையின் தடம் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளந்தால், காற்றிலிருந்து கடலுக்குள் வாயு எந்த வேகத்தில் போகிறது என்று தெரியும். அது தெரிந்தால், நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் கடல் எவ்வளவு உறிஞ்சும் என்று கணக்குப் போடலாம். இன்று நாம் 'சுமார் கால் பங்கு' என்று துணிந்து சொல்வதற்குப் பின்னால் அந்தப் பீப்பாய்கள் இருக்கின்றன.

இத்தனையையும் அவரும் சுங்-ஹுங் பெங்கும் 1982இல் ஒரே புத்தகமாக்கினார்கள். எங்கள் அலமாரியில் இருப்பது அதுதான். என் தலைமுறைக் கடல் வேதியியலாளர்களில் அதைப் படிக்காமல் வந்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

23 பிப்ரவரி, சனி

பார்படோஸ் தீவைப் பற்றிக் குறிப்பெடுத்தேன். நிலம் மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருக்கும் தீவு. கடல் மட்டம் உயர்ந்த காலங்களில் கரையோரம் வளர்ந்த பவளப் பாறைகள், நிலம் எழும்ப எழும்ப, படிப்படியாக மலைச்சரிவில் ஏறி நிற்கின்றன. ஒவ்வொரு படியும் எப்போது வளர்ந்தது? இவ்வளவு பழசுக்குக் கார்பன்-14 உதவாது. பவளம் கடல் நீரிலிருந்து யுரேனியத்தை எடுத்துக்கொள்ளும், தோரியத்தை ஏறக்குறைய எடுத்துக்கொள்வதேயில்லை. பிறகு அதற்குள் தோரியம்-230 இருந்தால், அது யுரேனியம் சிதைந்து பிறந்ததுதான். அளந்தார்கள். 1,22,000, 1,03,000, 82,000 ஆண்டுகள்.

செர்பியாவின் மிலான்கோவிச் பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மாறுவதைக் கையால் கணக்கிட்டு, பனியுகங்களுக்கு அதுவே காரணம் என்று சொல்லியிருந்தார். பலரும் அதைக் கைவிட்டிருந்த நேரம். வடக்கில் கோடை வெயில் கூடியதாக அவர் கணக்கு சொன்ன காலங்களும் பவளப் படிகளின் காலங்களும் ஒத்துப்போயின. 1968இல் ப்ரோக்கர் குழு அதை அறிவித்தது. எட்டு ஆண்டு கழித்துக் கடலடிச் சேற்றிலிருந்து ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் மூவரும் அதை உறுதிப்படுத்தினார்கள். புகழ் அந்த மூவரின் கட்டுரைக்கே அதிகம் போனது, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் கல்லை அளந்து முதலில் கைதூக்கியவர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

24 பிப்ரவரி, ஞாயிறு

'புவி வெப்பமாதல்' என்ற சொல் இடம்பெற்ற அந்த 1975 கட்டுரை. ஆகஸ்ட் 8, 'சயின்ஸ்' இதழ். அப்போது உலக வெப்பநிலை சில பத்தாண்டுகளாக உயரவில்லை. கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரி பனித்தண்டில் தெரிந்த இயற்கையான குளிர்ச் சுழற்சி கார்பன் டை ஆக்சைடின் சூட்டை மறைக்கிறது, அது திரும்பியதும் வெப்பம் விறுவிறுவென்று ஏறும் என்று எழுதினார். ஏறியது. ஆனால் அவர் நம்பிய சுழற்சி மற்ற இடங்களில் காணப்படவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். முடிவு சரி, காரணத்தில் ஒரு பாதி தவறு. தனக்குப் புகழ் தேடித் தந்த கட்டுரையைப் பற்றி இதைச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! அந்தச் சொல்லைத் தனக்கு முன்னால் யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கும் மாணவருக்கு 250 டாலர் தருவதாகவும் அறிவித்தார். 1957ஆம் ஆண்டின் ஒரு இந்தியானா நாளிதழில் அது கிடைத்தது.

இதைப் பேச்சில் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்க மாட்டேன்.

25 பிப்ரவரி, திங்கள்

இன்று எழுத நிறைய இருக்கிறது. ப்ரோக்கரை வாழ்நாள் முழுக்க உறங்கவிடாத கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன், என்னையும் விடுவதில்லை.

1980ஐ ஒட்டி, பெர்னிலும் கிரெனோபிளிலும் இருந்த ஆய்வாளர்கள் பழைய பனிக்கட்டியில் சிறைப்பட்டிருந்த காற்றுக் குமிழிகளை அளந்தார்கள். பனியுகத்தில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 200 பங்குக்கும் குறைவு. பனியுகம் முடிந்து தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு 280. அந்தக் காணாமல் போன கார்பன் எங்கே போனது?

காடுகளுக்குப் போயிருக்க முடியாது. பனி மூடிய உலகில் காடு குறைவு. பாறையாக மாறுவதற்கு நேரம் போதாது. கடல்தான். காற்றில் இருந்ததைப் போலச் சுமார் அறுபது மடங்கு கார்பன் கடலில் கரைந்து கிடக்கிறது. அதில் வாயுவாகவே இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதி பைகார்பனேட்டாகவும் மிச்சம் கார்பனேட்டாகவும் இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் தண்ணீரையும் ஒரு கார்பனேட்டையும் சேர்த்துக்கொண்டு இரண்டு பைகார்பனேட்டாகிவிடுகிறது. கடலின் பெருவயிறு இந்த ஒரு வினையில் இருக்கிறது. கார்பனேட் தீரத்தீர அதன் கொள்ளளவும் குறையும், அமிலத்தன்மை ஏறும். இப்போது நடப்பது அதுவே.

குளிர்ந்த நீர் அதிக வாயுவைக் கரைத்து வைக்கும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கோலி சோடா வெயிலில் வைத்ததைவிட அடங்கிப் பொங்குமே, அதேதான். பனியுகக் கடல் குளிர்ந்தது, அது ஒரு காரணம். ஆனால் கடல் உப்பும் கூடியது, அது எதிர்த்திசையில் இழுத்தது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் 80 பங்கு குறைவதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

1982இல் ப்ரோக்கர் ஒரு துணிச்சலான ஊகம் வைத்தார். பனியுகத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் இறங்கியது. வெளியே தெரிந்த கண்டத்திட்டுகளின் சேறு அரித்துக் கடலுக்குள் போனது. அதில் பாஸ்பரஸ். பாஸ்பரஸ் கூடினால் மிதவை உயிர்கள் பெருகும்; அவை கார்பனை உண்டு, செத்து, ஆழத்துக்குக் கொண்டுபோகும். அழகான யோசனை. அதைவிட அழகு, இது சரியென்றால் என்னென்ன தெரிய வேண்டும் என்று அந்தக் கையோடே அவர் சொன்னது: மேல் நீரில் வாழும் ஃபொராமுக்கும் அடியில் வாழும் ஃபொராமுக்கும் இடையே, சற்றுக் கனமான கார்பனான கார்பன்-13இன் வித்தியாசம் கூடியிருக்க வேண்டும். மற்றவர்கள் சோதிக்க இறங்கினார்கள். எட் பாயில் ஓடுகளிலுள்ள காட்மியத்தை அளந்தார். கடலில் காட்மியம் பாஸ்பேட்டின் பின்னாலேயே போகும். ஓட்டில் அதன் அளவு பழைய பாஸ்பேட்டைச் சொல்லும். எதிர்பார்த்த ஏற்றம் காட்மியத்தில் இல்லை. பனிக்கட்டியோ, கடல் மட்டம் ஏறும் முன்பே கார்பன் டை ஆக்சைடு ஏறியதைக் காட்டியது. ஊகம் விழுந்தது. ப்ரோக்கர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை, அடுத்ததற்குப் போனார். அதன் பிறகு எத்தனையோ விளக்கங்கள்: தென்பெருங்கடலின் கடற்பனி, இரும்புத் தூசி, கடலடிச் சுண்ணாம்பு கரைவது, ஆழ நீர் தேங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றும் ஒரு பங்கு தருகிறது. எது எவ்வளவு என்று இன்னும் சண்டை நடக்கிறது.

என்னைப் பொறுத்தவரை, விழுந்துபோன அந்த 1982 ஊகம் அவருடைய வெற்றிகளில் ஒன்று. அது வந்திராவிட்டால் அந்த அளவீடுகள் இத்தனை வேகமாக நடந்திருக்காது.

26 பிப்ரவரி, செவ்வாய்

ப்ரோக்கரின் கன்வேயர் பெல்ட் படம். வடக்கு அட்லாண்டிக்குக்கு வரும் வெதுவெதுப்பான உப்பு நீர், குளிர்ந்து, கனத்து, மூழ்கி, ஆழத்தில் தெற்கே போய், இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் ஏறித் திரும்புகிறது. நூறு அமேசான் நதிகளுக்குச் சமம் என்பார் ப்ரோக்கர்.

1984இல் பெர்னில் ஹான்ஸ் ஓஷ்கரின் உரையைக் கேட்கும்போது அவருக்கு இந்த யோசனை உதித்தது. கிரீன்லாந்துப் பனியில் வெப்பநிலை சில பத்தாண்டுகளிலேயே எகிறி எகிறிக் குதித்திருந்தது. கூடவே கார்பன் டை ஆக்சைடும் குதித்ததாகத் தெரிந்தது. அப்படியானால் கடல் இரண்டு நிலைகளுக்கு இடையில் மாறியிருக்க வேண்டும், இந்தச் சுழற்சி நின்றும் ஓடியும் இருக்க வேண்டும் என்றார். அந்தக் கார்பன் டை ஆக்சைடு குதிப்பு பனிக்கட்டிக்குள்ளேயே நடந்த வேதிவினையின் கோளாறு என்று பிறகு தெரிந்தது. வெப்பநிலைக் குதிப்போ நிஜம். கடலின் பங்கும் நிஜம்.

சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் சூடேறிக்கொண்டிருந்த உலகின் வடபகுதி திடீரென மறுபடி உறைந்தது. அகாசிஸ் என்ற பனி உருகிய பேரேரி செயின்ட் லாரன்ஸ் வழியாக அட்லாண்டிக்கில் கொட்டி, உப்பை நீர்க்கச் செய்து, சுழற்சியை நிறுத்தியது என்று அவரும் தோழர்களும் வாதிட்டார்கள். வெள்ளத்தின் தடம் அந்த வழியில் தெளிவாகக் கிடைக்கவில்லை. 2006இல் 'சயின்ஸ்' இதழில், வெள்ளம்தான் காரணமா என்று கேள்வி எழுப்பியவர் வேறு யாருமல்ல, ப்ரோக்கர்.

படத்தை எதிர்த்தவர்களும் உண்டு. காற்றின் பங்கை மறைத்து, கொந்தளிக்கும் கடலை ஒரு பட்டையாக்கிவிட்டார் என்று கார்ல் வுன்ஷ் போன்ற பெரிய கடலியலாளர்கள் கண்டித்தார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2004 முதல் 26.5 பாகை வடக்கில் அட்லாண்டிக்கின் குறுக்கே கருவிகளைக் கட்டி அந்தச் சுழற்சியை இடைவிடாமல் அளக்கிறார்களே, அது நின்றால் என்ன ஆகும் என்ற கவலையை ஆழமாக விதைத்தவர்களில் அவர் முதன்மையானவர். நான் அவர் பக்கம்.

27 பிப்ரவரி, புதன். ரயிலில்

ஜன்னலோரம் உட்கார்ந்து குறிப்புகளைச் சுருக்கினேன். பயோஸ்பியர் 2 கதையைச் சேர்த்துவிட்டேன். வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அரிசோனாவில் கண்ணாடிக்குள் அடைத்த செயற்கை உலகம், 1991இல் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14.5க்கு அருகில் இறங்கிவிட்டது. மண்ணின் நுண்ணுயிர்கள் அதைத் தின்றிருந்தால், அதே அளவு கார்பன் டை ஆக்சைடு வந்திருக்க வேண்டுமே, காணோம். ப்ரோக்கரின் மாணவர் ஜெஃப் செவெரிங்ஹவுஸ் கண்டுபிடித்தார்: கட்டடத்தின் கான்கிரீட் அதைக் குடித்துச் சுண்ணாம்பாக்கியிருந்தது. கணக்கு உதைத்தால் எங்கேயோ ஒரு வாய் திறந்திருக்கிறது என்று தேடும் பழக்கம். பனியுகக் கார்பனைத் தேடியதும் அதே பழக்கம்தான்.

கடைசி வரை பென்சிலால் எழுதினார். இறப்பதற்குச் சில நாள் முன்புகூட, சக்கர நாற்காலியிலிருந்து காணொளி வழியாக ஒரு கருத்தரங்கில் பேசியிருக்கிறார். கார்பனைக் குறைப்பதில் உலகம் பின்தங்கிவிட்டது, சூரிய ஒளியைத் தடுக்கும் கடைசி வழியையும் ஆராய்ந்து வையுங்கள் என்று. அந்த வழி எனக்கு அச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் 87 வயதில் அவருக்கு இருந்த அவசரம் நமக்கு ஏன் இல்லை?

28 பிப்ரவரி, வியாழன்
புதுச்சேரி

பேசி முடித்தேன். தண்ணீரின் வயதிலிருந்து தொடங்கினேன், அது சரியான வாசல். கேள்வி நேரத்தில் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "நாம விடுற கார்பன் டை ஆக்சைடை எல்லாம் கடல் எடுத்து முடிக்க எவ்வளவு நாள் ஆகும், மேடம்?"

நல்ல கேள்வி. 1970களிலேயே ப்ரோக்கரும் தாரோ தகஹாஷியும் இதில் இறங்கியிருந்தார்கள் என்று சொல்லி, கரும்பலகைக்குப் போனேன். மேல் நீர் தன் பங்கைச் சில ஆண்டுகளில் எடுத்துக்கொள்ளும். ஆழத்துக்குப் போக நூற்றாண்டுகள். அமிலமான ஆழ நீர் கடலடிச் சுண்ணாம்பைக் கரைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ள ஆயிரக்கணக்கான ஆண்டுகள். மிச்சத்தைப் பாறைகள் சிதைந்து வாங்கிக்கொள்ள லட்சம் ஆண்டுக்கும் மேல்.

"அப்ப இன்னிக்கு கிரீன்லாந்து பக்கத்துல முங்குற தண்ணி, நம்ம புகையோட பசிபிக்ல மேல வர்றதுக்கு ஆயிரம் வருஷமா?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். அவள் உட்காரவில்லை. அதை அளக்கிற வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள். வேதியியலை விடாதே, கணக்கையும் விடாதே, முதுகலை முடிக்கும்போது எனக்கு எழுது, கப்பலில் மாதிரி எடுக்க இளம் மாணவர்கள் எப்போதும் தேவை என்று சொல்லி மின்னஞ்சல் முகவரியைப் பலகையிலேயே எழுதினேன். அவளோடு இன்னும் நாலைந்து பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.